தவிட்டுக்குருவியும் சம்பளமில்லாத வேலையும்

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்களுக்குக்கூட பாலவனத்தம் என்பது ஒரு ஸ்டாப்பிங், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் கரிசல் காடு, வரிசையாகப் பனைமரம். மழை பெய்திருந்தால் கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் தெரியும். பெய்யாவிட்டால் கண்மாய்க்குள்ளேயே சீமைக்கருவேலம் வளர்ந்து நிற்கும். இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று பஸ்ஸில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள்.

அந்தக் கருவேலமரத்தடியில் காலை ஆறரை மணிக்கு ஒரு கூட்டம் கூடும். ஏழெட்டு உருப்படி இருக்கும். உடம்பு தவிட்டு நிறம், தலையில் மட்டும் வெளுத்த தொப்பி, வெளிறிய கண். காய்ந்த இலைகளைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி தேடும். ஒன்று மட்டும் கிளையில் ஏறி நாலாபுறமும் காவல் பார்க்கும். வல்லூறு வந்தால் அது கத்தும், மற்றவை புதருக்குள் பாயும். தவிட்டுக்குருவி, வெண்தலைச் சிலம்பன், தவிட்டுச் சிலம்பன் என்று இதற்குப் பல பெயர்கள். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இந்தப் பறவை இல்லை. ஆனால் இங்கே தெருவுக்குத் தெரு இருப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதே வட்டாரத்தில் விலங்கியல் படிக்கும் ஒரு மாணவரிடம் பறவை ஆராய்ச்சியில் தன்னார்வலராகச் சேர ஆசையா என்று கேட்டால் கண்கள் விரியும். அவர் மனதில் ஓடும் படம் வேறு. பனி மூடிய மலை, தோளில் கேமரா, கழுத்தில் பைனாகுலர், பின்னணியில் அருவி. அதற்கு நெட்டில் விண்ணப்பம் தேடுவார், கிடைக்காவிட்டால் வருத்தப்படுவார். வீட்டுக்குப் பின்னால் காலை ஆறரைக்குக் கூடும் கூட்டம் அந்தப் படத்தில் இல்லவே இல்லை.

இந்தப் படம் தவறு. அதைவிட, 'தன்னார்வலர்' என்ற சொல்லை வைத்து நடக்கும் கணக்கும் கொஞ்சம் தவறு. இரண்டையும் பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு சந்தேகம் வரும். தவிட்டுக்குருவி போடுவது கூச்சல், அதைப் போய்ப் பாட்டுப் பறவை என்பதா? அறிவியல் கணக்கில் பாட்டுப் பறவை என்பது குரல் இனிமைக்குக் கொடுக்கும் பட்டம் இல்லை. குரல் எழுப்பும் உறுப்பின் அமைப்பையும் பரம்பரையையும் வைத்துப் பிரித்த ஒரு பெரிய குடும்பம் அது. அதில் வானம்பாடியும் உண்டு, கருஞ்சிட்டும் உண்டு, கீச்சானும் உண்டு, தூக்கணாங்குருவியும் உண்டு. அவ்வளவு ஏன், காக்காயும் பாட்டுப் பறவைதான்! குயில்தான் அந்தக் குடும்பத்தில் இல்லை. (கவிஞர்கள் மன்னிக்கவும்.)

அடுத்தது இன்னும் சுவாரஸ்யமானது. தவிட்டுக்குருவிகள் குஞ்சு வளர்ப்பதைப் பாருங்கள். ஒரு ஜோடி முட்டையிடும். குஞ்சு பொரிந்ததும் அப்பா அம்மா மட்டும் இரை கொண்டுவருவதில்லை. கூட்டத்தில் உள்ள மற்றவையும் வாயில் புழுவோடு வந்து நிற்கும். அண்ணன் வருவான், அக்கா வருவாள், சித்தப்பா வருவார். சொந்தக் குஞ்சு இல்லை, கூலியும் இல்லை. ஆங்கிலத்தில் இவர்களுக்கு உதவியாளர்கள் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால் தவிட்டுக்குருவிக் கூட்டமே ஒரு தன்னார்வலர் அமைப்புதான்.

ஏன் உதவுகின்றன என்ற கேள்வி உலகம் முழுக்கப் பல ஆராய்ச்சியாளர்களின் ஆயுளைத் தின்றிருக்கிறது. இஸ்ரேலில் அமோட்ஸ் சஹாவி என்பவர் ஹட்சேவா என்ற பாலைவன ஊரில் 1970களின் தொடக்கத்தில் அரேபியச் சிலம்பன்களைக் கவனிக்க ஆரம்பித்தார். இது தவிட்டுக்குருவிக்குக் கிட்டத்தட்ட பங்காளி முறை. பறவைகளின் காலில் வண்ண வளையங்கள் மாட்டி, எது யார் என்று தனித்தனியாக அடையாளம் தெரிந்து, ரொட்டித் துணுக்கு போட்டுப் பழக்கி, மாணவர்களும் தன்னார்வலர்களுமாகப் பல பத்தாண்டுகள் பார்த்தார்கள். உதவி செய்கிற பறவை அதன் மூலம் கூட்டத்தில் தன் மதிப்பைக் காட்டிக்கொள்கிறது என்றார் சஹாவி. அதே பறவைகளைப் பார்த்த வேறு சிலர் அப்படி இல்லை என்று மறுத்தார்கள். சண்டை சுவையான சண்டை. ஆனால் இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தில் ஒன்று. அதே கூட்டத்தை வருடக்கணக்கில் பார்த்த நோட்டு இல்லாமல் வாயைத் திறக்க முடியாது. சஹாவி 2017ல் இறக்கும்வரை அந்தப் பறவைகளோடுதான் இருந்தார்.

சரி, இஸ்ரேல் தூரம். பக்கத்து ஊருக்கு வருவோம்.

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் சிவகாசியில், அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில், 1970களில் ஒரு விலங்கியல் ஆசிரியர் இருந்தார். பெயர் ஏ.ஜே.டி. ஜான்சிங். நாங்குநேரிக்காரர். பின்னாளில் பந்திப்பூரில் செந்நாய்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர், டேராடூனில் இந்திய வனஉயிரின நிறுவனத்தில் ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர்களை உருவாக்கியவர், 2024ல் மறைந்தவர். புலி, யானை, செந்நாய் என்றால் அவர் பெயரைச் சொல்பவர்கள் பலருக்கு அவர் தவிட்டுக்குருவியைப் பற்றியும் எழுதியிருக்கிறார் என்பது தெரியாது. 1982ல் சகாக்களோடு சேர்ந்து இரண்டு கட்டுரைகள். ஒன்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில், இந்தக் குருவிகள் இரை தேடும் விதமும் மற்ற உயிரினங்களோடு அவற்றின் உறவும் பற்றி. இன்னொன்று பிரிட்டனின் ஐபிஸ் இதழில். 1859லிருந்து வருகிற, பறவையியலில் மிகப் பெரிய மரியாதை உள்ள இதழ் அது.

ஐபிஸ் கட்டுரை எதைப் பற்றி என்பதுதான் முக்கியம். சுடலைக்குயில் தெரியுமா? கறுப்பு வெள்ளை, தலையில் கொண்டை. அது கூடு கட்டாது, தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அப்படிப் பிறந்த சுடலைக்குயில் குஞ்சு ஒன்றை ஒட்டுமொத்தத் தவிட்டுக்குருவிக் கூட்டமும் சேர்ந்து வளர்த்ததைப் பற்றிய கட்டுரை அது. அப்பா அம்மா மட்டும் ஏமாறவில்லை, அண்ணன், அக்கா, சித்தப்பா எல்லோரும் சேர்ந்து ஏமாந்திருக்கிறார்கள்.

இந்தக் குயில் குஞ்சைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

பாட்டுப் பறவை ஆராய்ச்சியில் தன்னார்வலர் உண்மையில் என்னதான் செய்கிறார்? சொன்னால் சிலருக்கு ஆர்வம் போய்விடும், பரவாயில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்திருப்பார். குறித்த இடத்தில் குறித்த நேரத்தில் உட்காருவார். இத்தனை மணிக்கு எந்தப் பறவை கூட்டுக்கு வந்தது, வாயில் என்ன இருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று எழுதுவார். ஒரு மணி நேரம் ஒன்றுமே வராவிட்டால் 'ஒன்றும் வரவில்லை' என்று எழுதுவார். மறுநாளும் அதே இடம். அதற்கு மறுநாளும் அதே. கருவேல முள் செருப்பைத் தாண்டிக் குத்தும். பத்து மணிக்கு மேல் கரிசல் வெயில் மண்டையைப் பிளக்கும். ஒரு நாள் போய்ப் பார்த்தால் கூடு காலியாக இருக்கும். பாம்போ, கீரியோ, காக்காயோ தின்றிருக்கும். அதையும் தேதி போட்டு எழுத வேண்டும்.

'ஒன்றும் வரவில்லை' என்ற வரிதான் இந்த வேலையின் உயிர். அருமையான பறவையைப் பார்த்த நாளை யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். பார்க்காத நாளை எழுதுபவர்தான் ஆராய்ச்சிக்கு உதவுகிறார். ஏனென்றால் பத்து வருடம் கழித்து 'இந்தப் பறவை குறைந்துவிட்டதா' என்று ஒருவர் கேட்டால், அப்போது எத்தனை நாள் தேடி எத்தனை நாள் கிடைத்தது என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

இப்படிப்பட்ட வேலைக்கு யார் பொருத்தம்? தூரத்திலிருந்து இரண்டு வாரம் லீவு போட்டு வருபவரா, அந்த ஊரிலேயே இருப்பவரா? வரலாற்றைப் பார்த்தால் பதில் தெளிவாக இருக்கிறது.

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் மார்கரெட் மோர்ஸ் நைஸ் என்ற பெண்மணி இருந்தார். பல்கலைக்கழக வேலை எதுவும் இல்லை. பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு வீட்டை ஒட்டிய புதர்க்காட்டில் பாட்டுச் சிட்டுகளுக்கு வண்ண வளையம் போட்டு, 1928லிருந்து எட்டு வருடம் போலக் கவனித்தார். 1937லும் 1943லும் இரண்டு பகுதிகளாக அவர் வெளியிட்ட ஆய்வு, ஒரு காட்டுப்பறவையின் வாழ்க்கையை எப்படி ஆராய வேண்டும் என்று உலகத்துக்கே வழிகாட்டியது.

இந்தியாவில் சாலிம் அலி. ஜெர்மனியில் பயிற்சி முடித்து 1930ல் திரும்பி வந்தபோது கையில் வேலை இல்லை. பம்பாய்க்கு எதிரே கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்தில் தங்கியிருந்தபோது, பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. வேலை இல்லாதவர் உட்கார்ந்து பார்த்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டுகிறது, பெண் வந்து பார்த்துப் பிடித்தால் குடியேறுகிறது, ஆண் அதை முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த கூட்டை ஆரம்பித்து அடுத்த பெண்ணைத் தேடுகிறது. இந்தச் சங்கதி 1931ல் கட்டுரையாக வந்தது. அவரை ஆராய்ச்சியாளராக்கியது தூரத்து மலையில் இருந்த அபூர்வப் பறவை அல்ல, எல்லா ஊர்க் கிணற்றடியிலும் தொங்கும் தூக்கணாங்குருவி.

அப்படியானால் பாலவனத்தத்து மாணவர் இந்த வேலைக்கு யாரையும்விடப் பொருத்தமானவர். அவருக்கு ரயில் டிக்கெட் வேண்டாம், தங்குமிடம் வேண்டாம். எந்தக் கண்மாயில் எப்போது தண்ணீர் வரும், எந்தக் காடு மல்லி போட்டது, எது இந்த வருடம் தரிசு என்று அவருக்குத் தெரியும். தெரியாவிட்டால் ஆடு மேய்க்கும் அண்ணாச்சியிடம் கேட்டுக்கொள்வார்.

இங்கேதான் இரண்டாவது கணக்கு வருகிறது. காசுக் கணக்கு.

நைஸ் அம்மாவின் கணவர் பல்கலைக்கழகப் பேராசிரியர். சாலிம் அலிக்கு வேலை இல்லாத காலத்திலும் கடற்கரையில் தங்க வீடு இருந்தது. இருவரின் உழைப்பையும் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து பார்க்க முடிந்ததற்கு, அடுப்பு எரிய வேறு வழி இருந்தது ஒரு காரணம். பாலவனத்தத்து மாணவரின் வீட்டில் அப்பா மில்லுக்குப் போகிறார், அம்மா காட்டு வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். லீவு நாளில் அந்தப் பையனோ பெண்ணோ ஏதாவது ஒரு கடையில் நின்றால் நாலு காசு வரும். 'குருவி பார்க்கப் போறேன்' என்று கிளம்பினால் வீட்டில் என்ன பதில் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

உலகத்திலும் இதுதான் நிலைமை. 1971ல் தொடங்கிய எர்த்வாட்ச் போன்ற அமைப்புகளில் தன்னார்வலர்களே பணம் கட்டி ஆராய்ச்சியில் சேருகிறார்கள். அந்தப் பணம் ஆராய்ச்சிக்கு உதவுகிறது, அதில் தப்பில்லை. ஆனால் பணம் கட்ட முடிந்தவர்களுக்குத்தான் அந்த வாசல். 2015ல் ஃபூர்னியே, பாண்ட் என்ற இரண்டு பறவை ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க வனஉயிரின இதழ் ஒன்றில் நேரடியாகவே எழுதினார்கள், சம்பளமில்லாத களப் பணியாளர்களை நம்பியிருப்பது இந்தத் துறைக்கே கேடு என்று. காரணம் எளிது. இந்தத் துறையில் வேலை கிடைக்க அனுபவம் வேண்டும். அனுபவம் கிடைக்க சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும். சம்பளமில்லாமல் உழைக்க வசதி வேண்டும். ஆக வசதி இல்லாதவர் முதல் படியிலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறார். அவருக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்வதில்லை, அவர் விண்ணப்பமே போடவில்லையே!

இப்போது அந்தக் குயில் குஞ்சு.

தன்னார்வலர் ஆறு மாதம் முள்ளில் நடந்து எழுதிய நோட்டு எங்கே போகிறது? நல்ல ஆராய்ச்சியாளரிடம் போனால் கட்டுரையில் பெயர் வரும், பரிந்துரைக் கடிதம் வரும், புள்ளிவிவரத்தை எப்படி அலசுவது என்ற பாடமும் கிடைக்கும். அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆனால் நோட்டை வாங்கிக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் 'களத்தில் உதவியவர்களுக்கு நன்றி' என்ற ஒற்றை வரியோடு முடித்துக்கொள்வதும் நடக்கக்கூடியதுதான். அப்போது கூட்டமே சேர்ந்து இரை ஊட்டி வளர்த்தது யாருடைய குஞ்சை? தவிட்டுக்குருவிக்கு அது தெரியாது, பாவம். மனிதர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சேரும் முன்பே கேட்கலாம். பஸ் செலவு யாருடையது, சாப்பாடு யாருடையது, பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, நோட்டின் ஒரு பிரதி யாரிடம் இருக்கும், பெயர் எங்கே வரும்? இதைக் கேட்பவருக்கு ஆர்வம் குறைவு என்று நினைக்கும் ஆராய்ச்சியாளரிடம் சேராமல் இருப்பதே நல்லது.

சேவை என்றால் பலன் பார்க்கக் கூடாது, கூலி பேசினால் அது தொண்டே இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். அழகான பேச்சு. ஆனால் பாலவனத்தத்துக்கு இந்த விஷயத்தில் சொல்ல ஒரு சொந்தக் கதை இருக்கிறது.

சென்னைப் பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர் ஆ. சிங்காரவேலு முதலியார். 'அபிதான சிந்தாமணி' என்ற தமிழ்க் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தவர். குழு கிடையாது, மானியம் கிடையாது. தனி ஆளாகப் பல வருடம் புராணம், இலக்கியம், அரச வம்சம் என்று குறிப்பெடுத்துச் சேர்த்தார். இன்றைய பாஷையில் சொன்னால் சம்பளமில்லாத தகவல் சேகரிப்பு. சேர்த்து முடித்தும் அச்சிட ஆள் கிடைக்காமல் அலைந்தார். கடைசியில் கைகொடுத்தவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1901ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய அதே தேவர். அவர் ஆதரவில்தான் அபிதான சிந்தாமணி 1910ல் வெளிவந்தது. அடுத்த வருடம் தேவர் காலமானார். இன்றும் அந்தப் புத்தகம் மறுபதிப்பாக வந்துகொண்டிருக்கிறது.

முதலியாரின் உழைப்பு பெரிது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தேவர் 'தமிழுக்குச் செய்த தொண்டுதானே, பலனை எதிர்பார்க்காதீர்' என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் அந்தக் காகிதக்கட்டு கரையானுக்குத்தான் போயிருக்கும். அதிலிருந்து பாலவனத்தத்து மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், ஆர்வமும் ஆதரவும் இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நிலைக்கும் என்பது. இன்றைக்கு ஜமீன்தார் இல்லை. கல்லூரிகள் இருக்கின்றன, வனத்துறை இருக்கிறது, பல்கலைக்கழக மானியங்கள் இருக்கின்றன, ஊரில் மில் முதலாளிகள் இருக்கிறார்கள். ஒரு மாணவருக்கு ஒரு சைக்கிளும், இரண்டு பேருக்கு ஒரு பைனாகுலரும், நாளுக்கு ஒரு சாப்பாட்டுக் காசும் கொடுப்பது இவர்களில் யாருக்கும் பெரிய செலவு இல்லை.

'அதெல்லாம் சரி, குருவியை எண்ணி என்ன ஆகப்போகிறது?' என்ற கேள்வி கட்டாயம் வரும். வீட்டில் வரும், டீக்கடையில் வரும், கல்லூரியில்கூட வரும். நியாயமான கேள்விதான்.

பதில் அந்தக் கருவேலங்காட்டிலேயே இருக்கிறது. 2017ல் தென்மாவட்டங்களில் சீமைக்கருவேல மரங்களை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது நினைவிருக்கலாம். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, வெட்டு என்றது ஒரு பக்கம். மூட்டம் போட்டுக் கரி விற்றுப் பிழைக்கும் ஏழைகள் என்ன செய்வார்கள் என்றது இன்னொரு பக்கம். அந்த முள்ளுக்குள் குருவி கூடு கட்டுகிறது என்றது மூன்றாவது பக்கம். அதே முள் பரவியதால்தான் வெட்டவெளியில் வாழும் வானம்பாடிக்கு இடம் போனது என்றும் சொல்லலாம். நான்குமே கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கடைசி இரண்டில் எது எவ்வளவு உண்மை என்று சொல்ல, வெட்டுவதற்கு முன் எண்ணிய நோட்டும் வெட்டிய பின் எண்ணிய நோட்டும் வேண்டும். நோட்டு இல்லாத இடத்தில் சத்தம் அதிகமாக இருப்பவர் சொல்வதுதான் உண்மை.

இன்னொன்று. இந்த வறண்ட நிலத்துக்குக் காகிதத்தில் பெயர் 'தரிசு'. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில் 2016ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு நிலத்தைத் தரிசு என்று முடிவு செய்யும் முன் அதில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. இந்தியப் பறவைகளின் நிலை என்ற 2023ஆம் ஆண்டு அறிக்கை 942 வகைப் பறவைகளை அலசியது. அதில் 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் தேவை என்று சொன்னது. புல்வெளி, புதர்க்காடு போன்ற திறந்தவெளிகளை மட்டுமே நம்பி வாழும் பறவைகள் வேகமாகக் குறைகின்றன என்றும் சொன்னது. அதாவது யாரும் காடு என்று ஒத்துக்கொள்ளாத, பாலவனத்தம், திருச்சுழி மாதிரி நிலத்துப் பறவைகள்.

அந்த அறிக்கை எப்படித் தயாரானது தெரியுமா? முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரணப் பறவை ஆர்வலர்கள் பதிந்த மூன்று கோடிக்கும் அதிகமான பதிவுகளை வைத்து. முழுக்க முழுக்கத் தன்னார்வம்! தமிழ்நாட்டில் 2015லிருந்து பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் இந்த வகைதான். ஆனால் ஆர்வலர்கள் எங்கே போகிறார்களோ அங்கேதான் பதிவு சேரும். சித்திரங்குடிக்கும் வேட்டங்குடிக்கும் நீர்ப்பறவை பார்க்கப் போவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மலைக்காடு பார்க்கப் போவார்கள். கொடைக்கானல் சோலைகளிலும் மற்ற மேற்குத்தொடர்ச்சி மலைச் சோலைகளிலும் வி.வி. ராபின் போன்றவர்கள் வருடக்கணக்கில் உழைத்து, சோலைக்கிளி உள்ளிட்ட பறவைகள் தனிப் பேரினங்கள் என்று 2017ல் நிறுவினார்கள். எல்லாம் அருமையான வேலை. நடுவில் இருக்கும் கரிசல் காட்டுக்கு பஸ்ஸை விட்டு இறங்க வேண்டியவர் அந்த ஊர்க்காரர்தான்.

இறங்கியவர் செய்யக்கூடாதவையும் உண்டு. காட்டுப்பறவையைப் பிடிப்பதும் வளையம் போடுவதும் தனியாகச் செய்யும் காரியமல்ல. 1972ஆம் ஆண்டு வனஉயிரினச் சட்டப்படி அனுமதி வேண்டும், பயிற்சி பெற்றவர் கூட இருக்க வேண்டும். கூட்டை விலக்கிப் போட்டோ எடுப்பதும், செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும், கூடு இருக்கும் இடத்தை ஊருக்கே அறிவிப்பதும் ஆராய்ச்சியல்ல, தொந்தரவு. கூட்டுக்கு அடிக்கடி போகும் மனிதனின் தடத்தைக் காக்காயும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

செய்யக்கூடியவை எளிமையானவை. ஒரே ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு காலை, ஒரே பாதை, ஒரே நேரம். எத்தனை குருவி, எங்கே மேய்ந்தன, எது காவல் இருந்தது, கூடு எந்த மரத்தில், சுடலைக்குயில் எப்போது வந்தது. தூரத்தில் நின்று பார்த்து எழுதினால் போதும். வளையம் இல்லாமலேயே இவ்வளவும் எழுதலாம். ஒரு வருடம் எழுதினால் அது பொழுதுபோக்கு. ஐந்து வருடம் எழுதினால், மூத்தவர் கல்லூரி முடித்துப் போகும்போது நோட்டை இளையவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனால், அது ஆராய்ச்சி. பாட்டுப் பறவை ஆராய்ச்சியின் பெரிய பெயர்கள் எல்லாம் இந்த இரண்டாவது வகையில் வந்தவைதான்.

கல்லூரிகளும் மனது வைக்க வேண்டும். விலங்கியல் துறைகள் கட்டாய ப்ராஜெக்ட் என்று கேட்கும் பைண்ட் செய்த புத்தகத்துக்குப் பதில், இப்படி ஒரு தொடர் நோட்டை ஏற்றுக்கொண்டு மதிப்பெண் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மதிப்பெண்ணும் ஒரு வகைக் கூலிதான். மீதிப் பாதிக்குப் பஸ் காசு வேண்டும். வெளியிலிருந்து வரும் ஆராய்ச்சித் திட்டங்களும் மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போதே உள்ளூர் மாணவருக்கு என்று ஒரு வரி எழுதிக் கேட்கலாம். கேட்டால்தானே கிடைக்கும்.

தவிட்டுக்குருவி ஏன் அடுத்தவர் குஞ்சுக்கு இரை கொடுக்கிறது என்ற கேள்விக்கு அறிஞர்கள் சொல்லும் பதில்களில் ஒன்று, அந்தக் குஞ்சு பெரும்பாலும் சொந்தக்காரக் குஞ்சு என்பது. இன்னொன்று, இன்று உதவும் பறவை நாளை அதே இடத்தில் கூடு கட்ட வாய்ப்புப் பெறுகிறது என்பது. இரண்டு பதிலிலும் உதவிக்கு ஒரு நியாயமான பலன் இருக்கிறது. பறவைக்கே அப்படியென்றால், முள்ளில் நடக்கும் பிள்ளைக்கு 'நாளை நீயும் இங்கே கூடு கட்டலாம்' என்று இந்தத் துறை சொல்ல வேண்டாமா?

நாளைக் காலை ஆறரை மணிக்கும் பாலவனத்தம் கண்மாய்க்கரையில் அந்தக் கூட்டம் கூடும். கிளையில் ஒன்று காவல் இருக்கும். அதைப் பார்க்க ஒருவர் நோட்டோடு வந்து உட்கார்வாரா, வந்தவருக்கு யாராவது ஒரு டீயாவது வாங்கிக் கொடுப்பார்களா என்பதுதான் கேள்வி.